மொட்டுக் கிள்ளிய வாரம்

புதன்கிழமை காலை, கணவர் ஹெக்டர் அபர்டீன் ஆஸ்பத்திரியில் புது முழங்காலோடு படுத்திருக்க, ஐனா மட்ச் அவருடைய நீலப் பாப்பிச் செடிகளின் மொட்டுகளை ஒன்று விடாமல் கிள்ளி எடுத்தாள். கோபமெல்லாம் இல்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் கிள்ளினாள். அந்த நினைப்பில் தப்பும் இல்லை.

ஏன் தப்பில்லை என்று புரிய, செடியின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நீலப் பாப்பி நம் கசகசாச் செடிக்குத் தூரத்துச் சொந்தம். குளிர், ஈரம், புளிப்பேறிய மண் மூன்றும் இருந்தால்தான் அது சந்தோஷமாக இருக்கும். வெயில் உறைத்தால் நீலம் மங்கிக் கத்தரிப்பூ நிறமாகிவிடும். அவர்கள் இருக்கும் கோரிமூர்ப் பள்ளத்தாக்கில் வெயில் உறைப்பது அபூர்வம். ஊரே மழையைத் திட்டிக்கொண்டிருக்கும்போது ஹெக்டர் மட்டும் ஜன்னலோரம் நின்று, "நல்லா இறங்குது" என்று கையைத் தேய்த்துக்கொள்வார்.

இந்தக் குடும்பத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று மூங்கில் மாதிரி. பொன்னிற ரோமம் போர்த்திய இலைகளைத் தரையோடு வட்டமாக விரித்துக்கொண்டு சில வருஷம் சும்மா உட்கார்ந்திருக்கும். பிறகு ஒரு கோடையில் ஆள் உயரத்துக்குத் தண்டு விட்டு, மஞ்சளோ சிவப்போ பூத்துக் குலுங்கி, விதையைக் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். குளிர்காலத்தில் அந்த ரோமத்தில் மழைநீர் தங்கினால் குருத்து அழுகிவிடும் என்று ஹெக்டர் ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு கண்ணாடித் துண்டைக் கூரையாக நிறுத்தி வைப்பார். "அதுங்களுக்குக் கூரை போட்டாச்சு. நம்ம கொட்டகைக் கூரை இன்னும் ஒழுகுது" என்பாள் ஐனா.

இன்னொரு வகை வருஷா வருஷம் அடியிலிருந்து துளிர்க்கும். ஹெக்டர் உயிரை வைத்திருந்த பெரிய நீலம் அந்த வகை. ஆனால் அதற்கு விதை கிடையாது. பூக்கும், காய் பிடிக்கும், காயைப் பிளந்தால் உள்ளே வெறும் உமி. பக்கக் கன்றைப் பிரித்து நட்டால்தான் அடுத்த செடி, வாழையடி வாழையாக. சில வருஷத்துக்கு ஒருமுறை பிரித்தே ஆக வேண்டும். விட்டுவிட்டால் கன்றுகள் ஒன்றையொன்று நெருக்கி எல்லாமே நோஞ்சானாகிவிடும். பிரித்த முதல் வருஷம்தான் கண்டம். வேர் பிடிப்பதற்குள் செடி பூக்கப் பார்க்கும். பூக்க விட்டால் கையிருப்பையெல்லாம் பூவில் கொட்டிவிட்டு அடுத்த வசந்தத்தில் தலை தூக்காது. அதனால் பிரித்த வருஷம் மொட்டைக் கிள்ளு. இந்த விதியை ஹெக்டர் முப்பது வருஷமாகக் காலை ஓட்ஸ் கஞ்சியோடு சேர்த்துப் பரிமாறி வந்தார்.

ஐனா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பூச்செடிப் பேச்சு எதையும் காதில் வாங்குவதில்லை என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வாள். தோட்டத்தில் அவள் பங்கு முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் மட்டும்தான். ஆனால் மார்ச் மாதம் ஹெக்டர் அந்தப் பெரிய தூரை ஐந்தாகப் பிரித்து நட்டதைப் பார்த்திருந்தாள். இப்போது ஜூன் பிறந்து, பிரித்து நட்ட அயர்வில் வழக்கத்தைவிடப் பல வாரம் பிந்தி, ஐந்திலும் மொட்டு தள்ளியிருந்தது. மனிதர் கால்வலியில் அதை மறந்துவிட்டுப் போய்விட்டார். சரி, நாமாவது செய்வோம் என்று காய்கறி வடிகட்டும் கூடையை எடுத்துக்கொண்டு போய், முள்முள்ளாக ரோமம் மூடிய மொட்டுகளையெல்லாம் கிள்ளி நிரப்பிக்கொண்டு வந்தாள். கையைக் கழுவும்போது போன் அடித்தது.

"ஹெக்டர் இருக்காரா? நான் டல்லக் பேசறேன்."

மிசஸ் டல்லக் என்றால் நீலப் பாப்பி வளர்ப்பவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார்கள். பெரிய நீலங்களில் ஏகப்பட்ட ரகங்கள் உண்டு. வெளியாளுக்கு எல்லாம் ஒன்றுதான். அவற்றை இலையையும் காயையும் பார்த்தே பேர் சொல்லி அழைக்கக்கூடியவர் அந்தப் பெண்மணி. புதிதாக ஒரு ரகம் என்று அவர் சொன்னால்தான் பாப்பிச் சங்கம் அதைப் பதிந்து ஏற்றுக்கொள்ளும். ஹெக்டர் கோடையில் ரோடு செப்பனிடுவார், குளிர்காலத்தில் பனி ஒதுக்கும் வண்டி ஓட்டுவார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாழடைந்த பங்களாவின் அருகே குழி அடைக்கப் போனபோது, காஞ்சொறிப் புதருக்குள் இப்போது ஐந்தாகி நிற்கும் இந்தச் செடியைக் கண்டெடுத்தார். இது யாரிடமும் இல்லாத ரகம் என்று அன்றிலிருந்து நம்பிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் மிசஸ் டல்லக்கைக் கூப்பிடுவார், அவருக்கு நேரம் கிடைக்காது. இந்த மார்ச்சில்தான், "பிரிச்சு நட்டுட்டேன், அடுத்த வருஷம் வாங்க" என்று சொல்லி வைத்திருந்தார்.

"அடுத்த வருஷம் நான் இங்க இருக்க மாட்டேன்" என்றார் மிசஸ் டல்லக். "நியூசிலாந்துல மகள்கிட்ட போறேன், செப்டம்பர்ல. இனிமே வர மாட்டேன். அதான் வெள்ளிக்கிழமை உங்க வீட்டுப் பக்கம் வந்துட்டுப் போலாம்னு. ஒரே ஒரு பூ இருந்தாப் போதும். பிரிச்ச செடின்னாலும் ஒண்ணாவது விட்டு வெச்சிருப்பாரு, மனுஷருக்கு ஆசை இருக்கும்ல?"

ஐனா கூடையைப் பார்த்தாள்.

"வாங்க" என்றாள். "ஸ்கோன் ரொட்டி சுட்டு வைக்கறேன்." வேறென்ன சொல்ல.

போனை வைத்துவிட்டு நிற்கும்போது தபால்காரி ரோனா வந்தாள். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து நுனிவரை தினமும் சிவப்பு வண்டியில் போய் வருபவள். கூடையையும் ஐனாவின் முகத்தையும் பார்த்தாள்.

"என்ன, யாராவது செத்துட்டாங்களா?"

"ஹெக்டர்."

"ஐயோ!"

"இன்னும் இல்ல. வெள்ளிக்கிழமை சாவாரு."

விஷயத்தைக் கேட்டதும் ரோனா ஒரு மொட்டை எடுத்து உருட்டிப் பார்த்தாள். "தண்ணில போட்டு வெச்சா விரியாதா?"

"தண்டு வேணாமா?"

"கொஞ்சம் தண்டோட கிள்ளியிருக்கலாம்ல. இப்படிக் கழுத்தைத் திருகியிருக்கீங்க."

"செய்யறதைத் திருந்தச் செய்யறவ நான். பாதிக் கழுத்து திருகத் தெரியாது." ஐனா நாற்காலியில் உட்கார்ந்தாள். "பன்னண்டு வருஷம், ரோனா. அந்த மனுஷன் வேற எதுக்கும் இப்படிக் காத்திருந்ததில்ல. என்னைக் கட்டிக்கக்கூட இத்தனை நாள் காத்திருக்கல."

"அவர் யாருக்காவது கன்னு குடுத்திருக்காரா?"

அதுதான் கேள்வி. செடியைக் காப்பாற்றுவதற்காக ஹெக்டர் மூன்று பேருக்குக் கன்று கொடுத்திருந்தார். ஒன்று சர்ச்சுப் பாதிரியாருக்கு. அவர் அதைத் தெற்குச் சுவரோரம் வெயிலில் நட்டு, ஒரே கோடையில் பரலோகம் அனுப்பிவிட்டார். இன்னொன்று பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் பல் டாக்டர் ஓகில்விக்கு. மூன்றாவது மலையுச்சியில் மான் காடுகளைப் பார்த்துக்கொள்ளும் காவலர் கெடஸுக்கு, குதிரைச் சாணம் கொடுத்ததற்குப் பதிலாக.

"ஓகில்வி வீட்டுல பூத்து முடியற நேரம்" என்றாள் ரோனா. "மேல கெடஸ் வீட்டுல என்ன இருக்குன்னு தெரியல. தபால்பெட்டி கேட்டுலயே இருக்கு, உள்ள போனதில்ல."

ரோனாவுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. மலை ஏற ஏற வசந்தம் பின்தங்கும். கீழே மஞ்சள் நார்சிசஸ் பூ வாடிக் கிடக்கும் நாளில் நடுவில் அது மலர்ந்திருக்கும், மேலே அப்போதுதான் மூக்கை நீட்டும். அவள் வண்டி காலையில் கோடையிலிருந்து கிளம்பி மத்தியானம் வசந்தத்துக்குப் போய்ச் சேரும். ஆகவே ஒரே செடியை மூன்று உயரத்தில் நட்டு வைத்தால் மூன்று முறை பூ பார்க்கலாம்.

"முதல்ல கீழ போவோம்" என்றாள் ஐனா. "பக்கத்துல இருக்கு."

தபால் கொடுத்து முடித்த பிறகு இருவரும் ஓகில்வியின் வீட்டுக்குப் போனார்கள். நடைபாதைக் கூழாங்கல் முழுக்க மஞ்சள் பாப்பி. நீலத்தின் சொந்தக்காரிதான், ஆனால் யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொண்டு, எழுந்து போகாதவள். சுவரோரம் நீலம் இரண்டே பூக்களோடு நின்றது. ஓகில்வி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நின்றார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க ஐனா. ஹெக்டர் கையால குடுத்தது. நாலு வருஷமாக் கண்ணு மாதிரி பாத்துக்கறேன்."

ஐனா குனிந்து பார்த்தாள். பூ தலையைத் தொங்கப் போட்டிருந்தது. பக்கத்தில் முற்றத் தொடங்கிய ஒரு காயை விரலால் நசுக்கினாள். உள்ளே பச்சை மணிகள் நெருக்கமாக அடைந்து கிடந்தன.

"இது எங்களோடது இல்ல."

"என்னது?"

"எங்களோடதுல விதை இருக்காது, உமிதான். அப்புறம் எங்க பூ தொங்காது, நேரா மூஞ்சியப் பாக்கும். ஹெக்டர் குடுத்தது எப்பவோ போயிருக்கும் டாக்டர். இது பக்கத்துல இருந்த வேற நீலம் விதை போட்டு முளைச்சது. அது இடத்துல இது வந்து உக்காந்துக்கிச்சு."

"நான் எல்லார்கிட்டயும் இது ஹெக்டர் செடின்னு..."

"பல்லு பிடுங்கறப்பவாவது சரியான பல்லத்தான் பிடுங்கினீங்களா?" என்றாள் ரோனா. அவர் அவளுடைய கடைவாயில் இரண்டு பற்களைப் பிடுங்கியிருந்தார்.

வண்டியில் ஏறியதும் ரோனா சாவியைத் திருகாமல் ஐனாவையே பார்த்தாள். "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எது?"

"விதை, உமி, மூஞ்சிய நேராப் பாக்கும். பூச்செடிப் பேச்சே காதுல ஏறாதுன்னீங்க."

ஐனாவுக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. "அவர் பேசிக்கிட்டே இருப்பாரு, நான் பாத்திரம் கழுவிக்கிட்டே இருப்பேன். காதுக்கு என்ன மூடியா போட்டிருக்கு? வண்டிய எடு."

மறுநாள் காலை மலைமேல் போனார்கள். கேட்டுக்கு அப்பால் வண்டிப்பாதை வெறும் பாறையும் சேறும். தபால் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தார்கள். தூரம் போகப் போக ஐனாவுக்கு மூச்சு வாங்கியது. மூச்சு வாங்குவதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க, வழியெல்லாம் ஹெக்டரைத் திட்டிக்கொண்டே நடந்தாள். கெடஸ் லாயத்து வாசலில் நின்று, அந்தச் சத்தம் நெருங்கி வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சைக் காசு மாதிரி எண்ணிச் செலவு செய்பவர்.

"பூ" என்றாள் ஐனா. "ஹெக்டர் குடுத்த கன்னு. இருக்கா, செத்துருச்சா?"

"பின்னாடி" என்றார் கெடஸ்.

லாயத்தின் பின்புறம், வடக்குப் பார்த்த சுவருக்கும் சாண மேட்டுக்கும் நடுவில் அது நின்றது. ஒரு செடி என்று சொல்ல முடியாது, ஒரு கூட்டம். அவள் இடுப்பு உயரத்துக்குத் தண்டுகள், ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலப் பூக்கள். சொட்டு நீலம் கலந்த வாளித் தண்ணீரை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால் வருமே, அந்த நீலம். நடுவில் மஞ்சள் குஞ்சம். எல்லாம் நேராக அவள் முகத்தைப் பார்த்தன.

ஐனா ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை. முதலில் புல்லை ஒதுக்கி இலைக்காம்பின் அடியைப் பார்த்தாள். ஹெக்டர் அடிக்கடி சொல்லும் அந்த ஊதாக் கறை, பீட்ரூட் சாறு பட்டாற்போல், இருந்தது. பிறகு போன வருஷத்துக் காய்ந்த தண்டு ஒன்றைத் தேடி, காயை உடைத்து உள்ளங்கையில் கொட்டி ஊதினாள். ஒன்றுமே மிச்சமில்லை, எல்லாம் உமி. அங்கே கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்து, ஏப்ரன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை.

"எப்படி வளத்தீங்க கெடஸ்?"

"குழி தோண்ட நேரமில்ல. சாணி ஓரத்துல சொருகினேன்."

"பிரிச்சீங்களா?"

"இல்ல."

"மொட்டு கிள்ளினீங்களா?"

"எதுக்கு?"

யாருக்கும் வேலை வைக்காமல் இடமே எல்லாவற்றையும் செய்திருந்தது. சுவர் வெயிலை மறைத்தது. மலையிலிருந்து ஊற்றுநீர் சுவரடியில் கசிந்துகொண்டே இருந்தது. வருஷா வருஷம் மேட்டிலிருந்து மக்கிய சாணம் சரிந்து செடியைச் சுற்றி விழ, வெளிக்கன்றுகள் அந்தப் புது எருவுக்குள் வேரை விட்டுக்கொண்டு நகர்ந்து போயின. நெருக்கமே ஏற்படவில்லை. செடி தன்னைத்தானே பிரித்துக்கொண்டது.

"பேத்து எடுத்துட்டுப் போயிடலாமா?" என்றாள் ரோனா.

"பூத்திருக்கறப்ப வேரைத் தொட்டா வீடு போய்ச் சேர்றதுக்குள்ள தலை தொங்கிடும். வெட்டினா பால் வடிஞ்சு இதழ் கொட்டிடும்." ஐனா எழுந்தாள். "பூ வராது. நாமதான் ஆளுங்களக் கொண்டாரணும்."

"ஹெக்டர் அந்தக் கால வெச்சுக்கிட்டு இந்தப் பாதையில எப்படி?"

இருவரும் கெடஸைப் பார்த்தார்கள். அவர் கொட்டகைப் பக்கம் தலையை அசைத்தார். அங்கே எட்டுச் சக்கர மலை வண்டியும், அதன் பின்னால் சுட்ட மான்களைக் கொண்டுவரும் இழுவைத் தொட்டியும் நின்றன.

"கழுவிடறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கார் ஹெக்டரை வாசலில் இறக்கிவிட்டது. இரண்டு ஊன்றுகோலிலும் தொங்கியபடி அவர் வீட்டுக்குள் போகாமல் நேராகப் பாத்திக்குப் போனார். தலையில்லாத ஐந்து செடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கிள்ளிட்டியா?"

"கிள்ளிட்டேன்."

"நான் சொல்லவே இல்லையே."

"முப்பது வருஷமாச் சொல்லிட்டுத்தான இருக்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ கேக்கறதே இல்லன்னு நெனச்சேன், ஐனா."

இதற்குமேல் தாங்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. "மிசஸ் டல்லக் நாளைக்கு வராங்க. பூப் பாக்க. நான் கிள்ளி முடிச்சப்புறம்தான் போன் பண்ணாங்க. செப்டம்பர்ல நியூசிலாந்து போறாங்களாம், இனிமே வர மாட்டாங்களாம்."

ஒரு ஊன்றுகோல் கீழே விழுந்தது. அவள் அதை எடுத்துக் கொடுத்தாள். மீதியைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. காம்பின் கறையைச் சொன்னாள், உமியைச் சொன்னாள், நேராகப் பார்க்கும் பூவைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது.

"சாணி மேட்டுலயா?" என்றார் கடைசியில். "நான் இலை மக்கு சலிச்சுப் போட்டு, மழைத்தண்ணி பிடிச்சு ஊத்தி... அந்த ஆள் சாணி மேட்டுல சொருகினாரா?"

"குழி தோண்டக்கூட இல்ல."

மிசஸ் டல்லக் வெள்ளிக்கிழமை தூறலோடு வந்தார். ஐனாவின் தோள் உயரம்கூட இல்லை, கால் மட்டும் பெரிய ரப்பர் பூட்ஸுக்குள். மொட்டில்லாத செடிகளைச் சுற்றி வந்து பார்த்தார். முழந்தாளிட்டு ஒரு இலையைக் கேட்டு வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டார். ஸ்கோனைப் பிறகு சாப்பிடலாம் என்றார்.

மலைக் கேட்டில் காத்திருந்த கெடஸின் வைக்கோல் பரப்பிய தொட்டியில் ஹெக்டர் ஊன்றுகோல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இதுல போன கடைசி ஆளு எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

"ஃப்ரீசர்ல" என்றார் கெடஸ்.

மேலே போய்ச் சேர்ந்ததும் தொட்டி லாயத்தின் மூலை வரைதான் போக முடிந்தது. மிசஸ் டல்லக்கும் ஐனாவும் பின்புறம் போக, ஹெக்டர் ரோனாவோடு சுவருக்கு இந்தப் பக்கம் தவித்தார்.

"என்ன பண்றாங்க?"

"இலைய வெச்சுப் பாக்கறாங்க" என்று கத்தினாள் ஐனா.

"அப்புறம்?"

"காம்பைப் பாக்கறாங்க."

"என்ன சொல்றாங்க?"

"மூச்சு விடறாங்க. நீயும் விடு."

மிசஸ் டல்லக் அவசரப்படவே இல்லை. வீட்டு இலையை இங்கிருக்கும் இலையின் மேல் வைத்து, விளிம்புப் பற்களையும் ரோமத்தையும் ஒப்பிட்டார். இரண்டும் ஒரே செடிதான். ஒரு காய்ப்பிஞ்சின் ரோமம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு ஏறியிருக்கின்றன என்று விரலால் தடவினார். பிறகு எழுந்து, சுவரைத் தாண்டிக் கேட்கும்படி சொன்னார்:

"ஹெக்டர், என் கணக்குல இருக்கற ஒவ்வொரு நீலத்தோடவும் மனசுக்குள்ள ஒப்பிட்டுப் பாத்துட்டேன். கறை இருக்கறது தொங்கும். நேராப் பாக்கறதுல கறை இருக்காது. ரெண்டும் ஒண்ணா இருக்கறதை இன்னிக்குத்தான் பாக்கறேன். இது புதுசு. உங்களோடது."

சுவருக்கு அந்தப் பக்கம் ஐனா எட்டிப் பார்த்தாள். ஹெக்டர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு வைக்கோலில் சாய்ந்து கிடந்தார். தொப்பி குலுங்கியது.

"பேர் என்ன வெக்கறீங்க?" என்றார் மிசஸ் டல்லக். "பேரில்லாம நான் சங்கத்துல சொல்ல முடியாது."

பன்னிரண்டு வருஷத்தில் ஹெக்டர் அதை மட்டும் யோசித்திருக்கவில்லை. யோசித்தால் நடக்காமல் போய்விடும் என்ற பயம். ரோனா ஊர்ப் பேரை வைக்கச் சொன்னாள். ஐனா, "ஹெக்டர்னு வைங்க, பேசாத ஹெக்டர் ஒண்ணாவது இருக்கட்டும்" என்றாள். ஹெக்டர் தொப்பிக்குள்ளிருந்து வேண்டாம் வேண்டாம் என்றார். மழை வலுத்தது. கெடஸ் ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஐனா மட்ச்" என்றார் திடீரென்று.

எல்லாரும் திரும்பினார்கள்.

"எல்லாத்தையும் கிள்ளினாங்க. அப்புறம் மலை ஏறி வந்து தேடினாங்க. வேற யாரு இதுக்காக இவ்ளோ தூரம் கத்திக்கிட்டே வந்தாங்க?"

அவர் ஒரு மூச்சில் இவ்வளவு பேசி அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் கேட்டதில்லை. மிசஸ் டல்லக் ஹெக்டரைப் பார்த்தார். ஹெக்டர் தொப்பியை எடுத்துவிட்டு, ஈர முகத்தோடு பலமாகத் தலையாட்டினார்.

ஐனா பூவுக்கு முன்னால் போய் நின்றாள். பூ வழக்கம்போல அவள் முகத்தை நேராகப் பார்த்தது. குனிந்து தூரைச் சுற்றிக் கன்றுகளை எண்ண ஆரம்பித்தாள்.

"பூ முடிஞ்சு ஆகஸ்ட்ல பிரிக்கலாம். கெடஸுக்குப் பாதி இங்கயே இருக்கட்டும். சங்கத்துக்கு ரெண்டு. ரோனாவுக்கு ஒண்ணு. ஓகில்விக்கும் ஒண்ணு குடுப்போம், ஆனா நான்தான் போய் நடுவேன். பாதிரியாருக்குக் கிடையாது. என் முட்டைக்கோசுப் பாத்தி ஓரத்துல ரெண்டு, அங்க ஈரம் நல்லா நிக்கும்."

"எனக்கு?" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"நீ மொதல்ல நடக்கக் கத்துக்க ஹெக்டர்" என்றாள் ஐனா மட்ச். "அப்புறம் பாக்கலாம்."